குடும்பத்துடன் கடல் யாத்திரை

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்து வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே. ஊருக்குப் போவதா, வேறு எங்கேனும் போவதா? ஊர் என்றால் ரயில், உறவினர் வீட்டு விருந்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், திரும்பும்போது இரண்டு கூடை மாம்பழம். வேறு இடம் என்றால் மலை. இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழியாக இப்போது கப்பல் வந்திருக்கிறது. சென்ற ஜூன் முதல் வாரத்தில் நாங்கள் ஐவர், இரு பெற்றோர், பதினான்கு வயது மகள், ஏழு வயது மகன், எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, சிங்கப்பூரில் கப்பல் ஏறி நான்கு இரவுகள் கடலில் இருந்துவிட்டு வந்தோம். வந்த நாள்முதல் அன்பர்கள் பலர் விவரம் கேட்கின்றனர். எல்லோருக்கும் முதற்கேள்வி, "எவ்வளவு ஆயிற்று?" என்பது. அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதற்கேள்வி, "பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள்?" என்பதாகும்.

தமிழனுக்குக் கப்பல் புதிதன்று. ஆனால் பொழுதுபோக்குக்காகக் கப்பலேறுவது புதிதுதான். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிற்று. 1973-இல் அது ஓய்வு பெற்றபோது 'சிதம்பரம்' அந்த இடத்துக்கு வந்தது. எங்கள் பாட்டி 1956-இல், ஒன்பது வயதுப் பெண்ணாக, பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரஜூலாவின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். அவர் தந்தை துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். அந்நாளில் கப்பல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சோறு தேடிச் செல்லும் வண்டி. இந்நாளில் இக்கப்பல்களுக்குப் போய்ச் சேரும் இடம் என்று ஒன்று இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகின்றன. "புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு ஏன் பணம் கொடுக்கிறீர்கள்?" என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பினாங்கு என்ற பெயரைச் சொன்னதும் அவர் மறு கேள்வி கேட்கவில்லை.

எங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு. அடுத்து இரண்டு ஆண்டுகள் நுழைவுத் தேர்வுக்கான ஓட்டம், பின்னர் விடுதி. பாட்டியின் முழங்கால்களோ ஆண்டுக்கு ஆண்டு தளர்கின்றன. ஐவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து கழிக்கும் விடுமுறை இனி எத்தனை வரும் என்று கணக்கிட்டால் விரல்கள் மிஞ்சும். ஆகவே கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று மாதம் செலவிட்டோம்.

மும்பையில் வாழ்கிறவர்களுக்கு அருகில் இருப்பது நம் துறைமுகமே. கோர்டீலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் இங்கிருந்து கப்பல் விடத் தொடங்கியது. அதன் 'எம்ப்ரஸ்' 1990-இல் பிரான்ஸில் கட்டப்பட்டு, பல பெயர்களில் பல கடல்களில் ஓடியபின் இந்தியாவுக்கு வந்தது. ஏறக்குறைய 48,500 டன். கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று அதன் பயணங்கள் அமைந்தன. 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் புறப்பட்டது. இத்தாலிய நிறுவனத்தின் 'கோஸ்டா செரினா' 2023 நவம்பர் முதல் சில மாதங்கள் நம் கரையோரம் ஓடிற்று. பாஸ்போர்ட் வேண்டாத உள்நாட்டுப் பயணம், சைவ, ஜைன உணவு, இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்புதல் ஆகியவை இக்கரைக் கப்பல்களின் நன்மைகள். முதன்முதலாகக் கடலேறுகிற குடும்பம் இதில் தொடங்குவது அறிவுடைமை. கடல் ஒத்துக்கொள்ளுமா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

லட்சத்தீவைக் காண விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பெரிய கப்பல் பவளத் தீவுகளின் கரையை அடைய முடியாது. வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில்தான் இறக்குவார்கள். அலை எழுந்தால் இறக்கமாட்டார்கள். தீவைப் பார்க்கவென்றே போகும் பிள்ளைக்கு அன்று கப்பல்தான் தீவு. இவ்வாறு நேரக்கூடும் என்பதை முன்னரே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது. லட்சத்தீவுக்கு இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி தேவை என்பதையும் மறத்தலாகாது.

பருவம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் பொல்லாதது. ஆகையால் இங்கிருந்து போவதானால் தீபாவளி விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை, ஏப்ரல், மே ஆகியவையே தக்க காலங்கள். மலாக்கா நீரிணையோ சுமத்திராவுக்கும் மலாய் நாட்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது. அங்கே ஜூனிலும் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எங்கள் தட்டில் வைத்த தேநீர் நான்கு நாளும் சிந்தவில்லை.

இனிக் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். விளம்பரத் தாள்களில் எல்லாக் கப்பல்களிலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீர்ச்சறுக்கு, சுவரேறும் விளையாட்டு, வண்ணப் பந்துகள். இவற்றைக் கண்டு கப்பலைத் தேர்ந்தெடுப்பது திருமண மண்டபத்தின் தோரணத்தைக் கண்டு சமையலை மதிப்பிடுவதைப் போன்றது. கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, வயதுப் பிரிவு. கார்னிவல் நிறுவனத்தில் 2 முதல் 11 வயது வரை சிறுவர் பகுதி; அதனுள்ளும் 2 முதல் 5, 6 முதல் 8, 9 முதல் 11 என்று மூன்று கூட்டம். அதற்கு மேல் 12 முதல் 14, 15 முதல் 17 என்று இரு கூட்டம். எம்.எஸ்.சி. நிறுவனமும் 12 முதல் 14, 15 முதல் 17 என்றே வளரிளம் பருவத்தினரைப் பிரிக்கிறது. நார்வீஜியன் நிறுவனமோ 13 முதல் 17 வரை ஒரே கூட்டமாக வைக்கிறது. டிஸ்னி கப்பல்களில் 11 முதல் 14 வரை ஒரு மன்றம், 14 முதல் 17 வரை மற்றொன்று. 14 வயதுப் பிள்ளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பெற்றோருக்கு இவை வெறும் எண்களாகத் தோன்றும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, பன்னிரண்டு வயதினருள் மூத்தவளாக இருப்பதும் பதினேழு வயதினருள் இளையவளாக இருப்பதும் இரு வேறு உலகங்கள். அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து போகும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். பதினொன்றும் பன்னிரண்டுமாக இருக்கும் இரு பிள்ளைகள், ஊரில் ஒரே தட்டில் உண்கிறவர்கள், கப்பலில் இரு வேறு தளங்களில் பிரிக்கப்பட்டு முகம் வாடி நிற்பார்கள். புறப்படும் நாளில் நிறைந்த வயதே பெரும்பாலும் கணக்கு. அழுதாலும் மாற்றித் தருவது அரிது.

மூன்று வயதுக்குட்பட்டவர்களைப் பெற்றோர் இல்லாமல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. குழந்தை தானே கழிப்பறைக்குச் செல்லப் பழகியிருக்க வேண்டும் என்ற விதியும் பலவற்றில் உண்டு. ஆறு மாதம் நிறையாத சிசுவையும், கருவுற்று இருபத்துநான்கு வாரம் ஆகும் தாயையும் பெரும்பான்மை நிறுவனங்கள் கப்பலில் ஏற்றுவதே இல்லை. கைக்குழந்தை வைத்திருப்போர் இன்னும் ஓராண்டு பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உடைமாற்றுத் துணி அணிந்த குழந்தைகளுக்குக் கப்பலின் நீச்சல் குளங்களில் அனுமதி இல்லாதபடியால், அவர்கள் குளக்கரையில் அமர்ந்து அழுவதற்குத்தான் கட்டணம் செலுத்துகிறோம்.

இரண்டாவது, நேரம். எங்கள் கப்பலில் சிறுவர் மன்றம் காலையில் சில மணி, பிற்பகலில் சில மணி, இரவு ஏழு முதல் பத்து வரை என்று நடந்தது. இடையில் உணவு வேளைகளில் மூடிவிடுவார்கள். இதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. எங்களுக்கு இதுவே பெரிய நிறையாகப் பட்டது. வேளை தவறாமல் பிள்ளை பெற்றோரிடம் திரும்பி வந்துவிடுகிறான். பத்து மணிக்கு மேல் பிள்ளையை விட்டுவைத்தால் மணிக்கணக்கில் தனிக் கட்டணம் வாங்குவது பல கப்பல்களின் வழக்கம். நாங்கள் அந்தச் செலவுக்கு இடம் வைக்கவில்லை.

மூன்றாவது, ஒப்படைப்பும் மீட்பும். முதல் நாள் பிற்பகலிலேயே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வாமை, மருந்து, நீந்தத் தெரியுமா, யார் வந்து அழைத்துச் செல்வார் என்பனவற்றை எழுதி வாங்கினார்கள். இரகசியச் சொல் ஒன்றைச் சொன்னால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள். எங்கள் மகன் 'பணியாரம்' என்று வைத்தான். அந்தப் பணிப்பெண் பிலிப்பைன்ஸ் நாட்டவர். நான்கு நாளும் பாட்டி போய் அச்சொல்லைச் சொல்வதும், அவர் அதைத் திருப்பிச் சொல்ல முயன்று தோற்பதுமாக இருந்தது. ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமே வெளியேறலாம் என்று பெற்றோர் கையொப்பமிடும் வழக்கம் சில கப்பல்களில் உண்டு. ஆயிரக்கணக்கான அந்நியர் நடமாடும் பதினைந்து மாடிக் கட்டடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையை விடுவீர்களா என்று தன்னைத்தான் கேட்டுக்கொண்டு கையொப்பமிட வேண்டும்.

இதைவிடப் பெரிது ஒன்று உண்டு. அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. மன்றத்தில் பொருள் எத்தனை என்பதன்று, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே காரியம். குறிப்பாக வளரிளம் பருவத்தினருக்கு. அவர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் இசைப்பெட்டியும் விளையாட்டுத் திரையும் மெத்தை இருக்கைகளும் இருக்கும். உள்ளே மூவர் மட்டும் இருந்தால் அது தளவாடக் கடைதான். எனவே எந்த நாட்டுப் பள்ளிகளுக்கு எப்போது விடுமுறை என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறைகள் இரண்டு: ஜூன் மாதத்தில் நான்கு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆண்டு முடிவு வரை ஆறு வாரம். நம் மகாராஷ்டிரப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. ஆகவே இரு விடுமுறைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்வது ஜூன் முதல் இரு வாரங்களில்தான். மே மாதக் கட்டணம் சற்றுக் குறைவாக இருந்தும் நாங்கள் ஜூனைப் பிடித்ததற்குக் காரணம் இது. வாரக்கடைசியில் புறப்படும் இரண்டு இரவுப் பயணங்களையும் ஒதுக்கினோம். எந்தத் துறையிலும் அத்தகைய குறும்பயணங்களில் நண்பர் குழாங்களும் மதுவும் மிகுதி, குழந்தைகள் குறைவு.

இவ்வளவு ஆராய்ந்து ஏறியபின் எங்கள் மகள் சொன்னது: "அப்பா, என்னை மட்டும் அந்த ரூமுக்குப் போகச் சொல்லாதீங்க." முதல் நாள் போகவில்லை. இரண்டாம் நாள் முற்பகல் பாட்டியோடு தளத்தில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலில் இணையத் தொடர்புக்குத் தனிக் கட்டணம். அதை நாங்கள் வாங்கவில்லை என்பதைக் கண்டதும் கைப்பேசி சலித்துவிட்டது. வற்புறுத்தாமல் விட்டதே நன்மையாயிற்று. அன்று மாலை கூடைப்பந்துத் திடலில் தனியாக நின்ற சிங்கப்பூர்ப் பெண் ஒருத்தி இவளை ஆட அழைத்திருக்கிறாள். இருவரும் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார்கள். பந்து பாட்டியின் நாற்காலியருகே உருண்டபோது, "பாத்து ஆடுங்க கண்ணுங்களா" என்றார் பாட்டி. "சரிங்க பாட்டி" என்று விடை சொன்னவள் அந்தச் சிங்கப்பூர்ப் பெண். எங்கள் மகள் அவளை வியந்து பார்த்தாள்.

இது நம் வீடுகளுக்குப் புரியும். நாம் தமிழில் கேட்கிறோம், பிள்ளைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிறார்கள். தமிழ் என்பது தாத்தா பாட்டியிடம் பேசும் மொழி என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலோ தமிழ் ஆட்சி மொழிகள் நான்கில் ஒன்று. பள்ளியில் பாடமாகப் படிக்கிறார்கள். தன் வயதொத்த ஒருத்தி, தன்னைப்போலவே உடுத்து, தன்னைப்போலவே பாட்டுக் கேட்கிறவள், அம்மொழியைக் கூச்சமின்றிப் பேசக் கேட்டது எங்கள் மகளுக்கு இதுவே முதன்முறை. அன்று இரவு இருவருமாக வளரிளையோர் அறைக்குப் போனார்கள். பதினைந்து பதினாறு பேர் இருந்தனராம். பெரியவர்களுக்கு அங்கே அனுமதி இல்லாதபடியால் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லை. சிரித்துக்கொண்டு வந்தாள், அவ்வளவே. பதினேழு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு ஒரு மணிக்குமேல் தனியே நடமாடலாகாது என்பது பல கப்பல்களின் விதி. எங்கள் வீட்டு விதி பதினொரு மணி. இதைக் கப்பலேறுமுன்பே பேசி முடித்திருந்தோம். நடுக்கடலில் சட்டம் இயற்றுவது கடினம்.

பிள்ளைகளை நிகழ்ச்சிகளே வாங்கிக்கொண்டால் குடும்பப் பயணம் என்ற பெயர் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எங்களுக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆகவே இரவு உணவு ஐவரும் ஒரே மேசையில் என்று வைத்துக்கொண்டோம். பெரிய உணவுக்கூடத்தில் நேரமும் மேசையும் குறித்துத் தரும் முறையைக் கேட்டுப் பெறலாம். அதே பரிமாறுநர் நாள்தோறும் வருவார். எங்களுக்குப் பரிமாறியவர் கேரளத்து இளைஞர். இரண்டாம் நாளிலிருந்து பாட்டிக்குக் கேளாமலே தயிர் வந்தது. பகலில் பிள்ளைகள் பிரிந்து சென்றதனால் இரவில் பேசுவதற்கு ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. மும்பையில் ஐவரும் ஒரே அறையில் இருந்தும் அவ்வளவு பேசியதில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். குளக்கரையில் உயிர்காப்பாளர் உண்டா என்று தவறாது கேட்க வேண்டும். எல்லாக் கப்பல்களிலும் இல்லை. உண்டு என்றாலும் பெற்றோர் கண் அகலலாகாது. 2012 ஜனவரியில் 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்தபின், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே அபாயகாலப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது உலக விதியாயிற்று. பலர் அதை வேண்டாத சடங்காக நினைக்கின்றனர். பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை நடந்தே காட்டிவிடுங்கள். சிறுவர் அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

செலவு: அறைக் கட்டணத்தில் உணவு, கலை நிகழ்ச்சி, பகல்நேரச் சிறுவர் மன்றம் அடக்கம். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளருக்கான நாள்தொகை, பானங்கள், கரைச் சுற்றுலா தனி. நாள்தொகை தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்கும் சேர்த்தே கணக்கிடுவார்கள். ஐவருக்கு அதுவே கணிசம். ஓரறையில் மூன்றாம், நான்காம் படுக்கைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அது சுவரிலிருந்து இறக்கும் மேற்படுக்கை. பாட்டியை அதில் ஏற்ற முடியாது. இடைக்கதவு உள்ள இரு உள்ளறைகளை எடுத்தோம். மாடமுள்ள அறையைவிட அது எங்களுக்குப் பயன்பட்டது.

சிங்கப்பூரில் ஏறுவோர் கப்பல் திரும்பும்போது அந்நாட்டில் மறுபடி நுழைகிறார்கள் என்பதை மறக்கலாகாது. ஒரு முறைக்கு மேல் நுழைய இடந்தரும் விசா வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசா விலக்கு அளித்திருக்கிறது. அது தவணை தவணையாக நீட்டிக்கப்படுவது. புறப்படுமுன் உறுதி செய்துகொள்க. வீட்டில் சமைத்த பண்டங்களைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. கடையில் முத்திரையிட்ட முறுக்குக்குப் பெரும்பாலும் தடையில்லை. நீச்சல் உடையைக் கைப்பையில் வையுங்கள். பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்; அதுவரை ஏழு வயதுப் பையன் பொறுக்கமாட்டான்.

மூன்றாம் நாள் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். கரைச் சுற்றுலாச் சீட்டு வாங்கத் தேவையில்லை. இறங்கியதும் தெரிவது விக்டோரியா அரசியின் நினைவு மணிக்கூண்டு. ஆட்சியாண்டு ஒன்றுக்கு ஓரடியாக அறுபது அடி. அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை. சற்று நடந்தால் நம்மவர் கடைவீதி: மல்லிகைச் சரம், வெள்ளிப் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. மகன் அன்று மன்றத்தில் நடக்கவிருந்த கடற்கொள்ளையர் விளையாட்டை நினைத்துக் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று காலை உதைத்தான். துறையில் நிற்கும் நாளிலும் மன்றம் நடக்கும் என்பதால் ஒருவர் அவனைத் திருப்பி அழைத்துப்போகலாம் என்று எண்ணினோம். "ராசா, பாட்டி படிச்ச ஊருடா இது" என்றார் பாட்டி. பையன் தணிந்தான். தணியச் செய்தது அச்சொல்லா, அப்போது வாங்கிக் கொடுத்த ஐஸ் கச்சாங்கா என்று கூற இயலாது.

பாட்டி தம் தெருவைத் தேடினார். பெயர்ப்பலகைகள் இருந்தன, வீடுகளை அவரால் அடையாளம் காண முடியவில்லை. கோயில் வாசலில் மட்டும் நின்று, "இங்கேதான் அப்பா எங்களை உட்கார வெச்சிட்டு டிக்கெட் வாங்கப் போனார்" என்றார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த மாதம், எத்தனை நாள், கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், பயமாக இருந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். எல்லாம் தமிழில். மேல்தளத்தில் மழை பெய்தால் எங்கே போவீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "எங்கே போறது? நனையறதுதான்" என்றார் பாட்டி. பிறகு கப்பலுக்கு நடந்தோம். படியேறுமுன் பாட்டி ஒருமுறை கடலைப் பார்த்தார், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

அந்தச் சிங்கப்பூர்ப் பெண்ணும் எங்கள் மகளும் இப்போதும் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். தமிழ்தான், எழுத்து மட்டும் ஆங்கிலம். அவள் தமிழ் எழுத்தில் அனுப்பும்போது இவளுக்குப் படிக்க நேரமாகிறதாம். பாட்டியிடம் எடுத்துக்கொண்டு போகிறாள்.